செத்த செடியும் விரியும்

கோபப்படாதே, ரத்தக்கொதிப்பு ஏறிவிடும் என்று எனக்குப் புத்தி சொல்லாதவர்கள் எங்கள் தாமான் குடியிருப்பில் யாருமில்லை. ஏறினால் ஏறட்டும். ஒரு கைப்பிடி காய்ந்த சருகு என் வீட்டுக்காரரின் காலை என்ன செய்தது என்பதைக் கோபப்படாமல் சொல்ல எனக்குத் தெரியாது.

அவர் பெயர் விஜயன். தெப்ராவில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றி இறக்கும் பஸ்ஸை இருபது வருடமாக ஓட்டியவர். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து பதினோரு வருடமாகிறது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்வார். போட்டுக்கொண்டதற்குப் பரிசாக சீனி தூக்கலாக இரண்டு தே தாரேக் டீயும் குடிப்பார். போன மார்ச்சில் புது ஷூ இடது கால் பெருவிரலைக் கடித்தது. சின்னக் கொப்புளம்தான். மூன்று வாரத்தில் விரல் நுனி கறுத்துவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. விரலை எடுத்துவிட்டால் பாதம் பிழைக்கும், தள்ளிப்போட்டால் எதுவரை போகும் என்று சொல்ல முடியாது, செவ்வாய்க்கிழமை வந்து சேருங்கள் என்றார். இவர் டாக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"எடது கால் பிரேமலா. கிளட்ச் மிதிக்கிற கால்."

"ஒரு வெரல் இல்லன்னா கிளட்ச் கேக்காதாங்க?"

"இன்னிக்கு ஒரு வெரல் கேப்பாங்க. அப்புறம் ஒண்ணொண்ணா கேப்பாங்க."

செவ்வாய்க்கு முன்னால் ஞாயிறு வந்தது. ஞாயிறு தனியாக வரவில்லை, என் நாத்தனார் செல்லத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. அவர் இவருக்கு ஒன்பது வயது மூத்த அக்கா, எனக்கு அண்ணி முறை. இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். அவருக்கும் இனிப்பு நீர்தான். கோயில் மண்டபத்தில் மூலிகைக் கூட்டம் நடக்கிறது, வந்தே ஆக வேண்டும் என்று காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மேடையில் சுகுமாறன் என்று ஒரு ஆள். வெள்ளை ஜிப்பா, நெற்றி நிறைய விபூதி, காதோரம் மைக். ஆயர் ஈத்தாமில் கடை வைத்திருக்கிறாராம். கையில் ஒரு பழுப்பு உருண்டையைத் தூக்கிக் காட்டினார். வீடு கூட்டும்போது துடைப்பத்தில் சிக்கிக்கொண்டு வருமே, அந்த மாதிரி இருந்தது.

"இது செத்துப்போச்சா இல்லையா? நீங்களே சொல்லுங்க."

"செத்துப்போச்சு!" என்றது மண்டபம்.

அதை ஒரு மண்சட்டியில் வைத்து வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினார். பிறகு முக்கால் மணி நேரம் சித்தர்களைப் பற்றிப் பேசினார். அவர் பேசப் பேச உருண்டை ஒவ்வொரு கிளையாக அவிழ்ந்தது. கடைசியில் சட்டி நிறைய ஒரு தட்டு மாதிரி விரிந்து கிடந்தது.

"சஞ்சீவிங்க இது. செத்த செடி தண்ணி பட்டதும் எழுந்து உக்காருது. உங்க ஒடம்புல செத்த நரம்பு எழுந்திரிக்காதா?"

செல்லம் அண்ணி அழுதேவிட்டார். மண்டபம் கைதட்டியது. நானும் கைதட்டினேன். இதை மறைத்துவிட்டு அந்த ஆளை மட்டும் திட்டினால் நியாயமில்லை.

ஏழு வெள்ளிக்கிழமை, ஒரு மண்டலம். வெள்ளிதோறும் காலையில் செடியை விரிய வைத்து, அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, வாரம் முழுக்கப் புண்ணைக் கழுவ வேண்டும். வீட்டில் யாரும் கவுச்சி தொடக்கூடாது. கடைசியாக ஒரு நிபந்தனை சொன்னார். அதுதான் தூண்டில் முள்.

"நடுவுல ஒடம்புல கத்தி படக்கூடாது. பட்டா மண்டலம் முறிஞ்சிரும். வந்த நோவு ரெண்டு மடங்கா திரும்பும்."

செடியும் சட்டியுமாகக் காசு கொடுத்து வாங்கி வந்தோம். செவ்வாய்க்கிழமை நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. மின்னணுப் பலகை செய்யும் தொழிற்சாலையில் பதினேழு வருடமாகத் தரம் பார்ப்பவள். பூதக்கண்ணாடி விளக்குக்கு அடியில் பலகையை வைத்து, மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்துச் சிவப்புப் பெட்டியில் போடுவது என் வேலை. எதையும் நம்பாமல் இருக்கத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்டவள் வெள்ளிக்கிழமை விடிந்ததும் குளித்து, மஞ்சள் துணி கட்டி, சூடம் கொளுத்தி, சருகுக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஏன் வரவில்லை என்று போன் வந்தபோது, பெக்கோக்கில் சொந்தக்காரர் சாவுக்குப் போயிருக்கிறார் என்று கூசாமல் புளுகினேன். மண்டலம் முறியக்கூடாதே! அவர் நிறுத்தலாமா என்று இருமுறை யோசித்தபோது பிடித்து உட்கார வைத்தவளும் நான்தான்.

இரண்டாம் வெள்ளி முடிந்ததும் அவர் சமையல்கட்டுக்கு ஓடிவந்தார்.

"பிரேமலா, வலி போச்சு! சுத்தமா இல்ல! இங்க பாரு, அழுத்துறேன், ஒண்ணுமே தெரியல!"

நான் கேசரி கிண்டினேன். அண்ணி வீட்டுக்கு ஒரு டப்பா அனுப்பினேன். கேசரி! இப்போது நினைத்தாலும் அந்த வாணலியை எடுத்து என் தலையிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மூன்றாம் வாரம் நாற்றம் வந்தது. மூலிகை வாசம் என்றார் இவர். நான்காம் வாரம் எங்கள் மகள் லோஷினி சிங்கப்பூரிலிருந்து வந்தாள். அங்கே ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை. இரண்டு மாதமாக ஓவர்டைம் என்று வராதவளிடம் விரலில் சின்னப் புண் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தோம். வாசற்படியிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்பாவின் காலைப் பார்த்தாள். கறுப்பு பாதத்தின் பாதிவரை ஏறியிருந்தது. செடியின் படத்தைப் போனில் எடுத்துத் தேடினாள்.

"அலமாக்! ப்பா, இது மெக்சிகோ பாலைவனத்துச் செடி. உயிரோட இருந்தா தண்ணி பட்டதும் பச்சையாகும், வேர் விடும், வளரும். செத்துப்போன செடியும் விரியும்ப்பா. காஞ்ச எலைக்குள்ள தண்ணி ஏறுது, அவ்ளோதான் லா. வெளயாட்டுச் சாமான் மாதிரி இத ஆன்லைன்ல விக்கிறாங்க."

"செத்தது எப்படிம்மா விரியும்? நடுவுல பச்சையா தெரியுது, நல்லா பாரு."

"ப்ளீஸ்ப்பா, இன்னிக்கே ஹாஸ்பிட்டல் போலாம்."

"இன்னும் மூணு வெள்ளிதான். வலியே இல்லாத காலுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?"

அவள் அழுதாள், கத்தினாள், ஞாயிறு மாலை வேலைக்குத் திரும்பினாள். போகும்போது என்னிடம், "ம்மா, நீங்களுமா?" என்று மட்டும் கேட்டாள். அந்த ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. கருவாட்டை ஊறப்போட்டாலும்தான் பெரிதாகிறது. அதற்காக அது நீந்தப் போகிறதா?

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு ஆயர் ஈத்தாமுக்குக் கார் ஓட்டினேன். பூச்சாடிக் கடைகளைத் தாண்டி ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம். உள்ளே சுகுமாறன் நாலைந்து பேருக்கு அதே வித்தையைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் போய்ச் செடியைப் பார்க்காமல் சட்டியைப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்கப் பச்சை மெருகு. அலமாரியில் விற்பதற்கு அடுக்கியிருந்த சட்டிகளும் அப்படியே, வெளியே மண் நிறம், உள்ளே பச்சை. செடிக்கு நடுவில் என் வீட்டுக்காரர் பார்த்த பச்சை, சட்டியின் பச்சை. அதே மாதிரிச் சட்டியை வாராவாரம் வீட்டில் தேய்த்துக் கழுவி வைத்தவள் நான். பதினேழு வருடப் பூதக்கண்ணாடி!

"இதுக்கு வேர் எங்கே?" என்று கேட்டேன்.

"நம்பிக்கதாம்மா இதுக்கு வேரு."

"இந்தச் செடிய எவ்வளவு நாளா வச்சிருக்கீங்க?"

"நாலு வருஷமா இதேதாம்மா. ஒரு நாளைக்கு மூணு கூட்டம்னாலும் மூணு தடவையும் விரியும். அதான் சஞ்சீவி!" பெருமையாகத்தான் சொன்னார்.

"நாலு வருஷத்துல ஒரு எலை கூடியிருக்கா?"

அவர் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். "யம்மா, சந்தேகத்தோட செய்ற மண்டலம் பலிக்காது. வீட்டுக்காரருக்கு நல்லது நெனைங்க" என்று ஒரு விபூதிப் பொட்டலத்தை நீட்டினார். நான் வாங்கவில்லை. நாலு வருடத்தில் ஒரு இலைகூட வளராத ஒன்றைப் பார்த்து உயிர் என்கிறான். இவன் வீட்டுப் பிள்ளை நாலு வருடம் வளராமல் கிடந்தால் சும்மா இருப்பானா?

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் செல்லம் அண்ணி வீட்டுக்குப் பசியாறப் போயிருந்தார். சாமி மாடத்திலிருந்து சுருண்டு கிடந்த செடியை எடுத்தேன். குக்கரில் போட்டேன். ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி மூடி, ஆறு விசில் விட்டேன். மூன்றாவது விசிலில் என் கை அடுப்பை அணைக்கப் போய்விட்டது. நம்பி ஒரு மாதம் கும்பிட்ட பொருள் அல்லவா. நாலாவதில் கையை எடுத்துக்கொண்டேன். ஆறாவது விசில் அடங்கியதும் கிடுக்கியால் எடுத்து, துணியில் சுற்றி, வேலைக்குக் கொண்டுபோய்க் கார் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைத்தேன். கார் நிறுத்துமிடத்து வெயிலுக்கு அது வேலை முடிவதற்குள் பழையபடி உருண்டையாகச் சுருண்டுவிட்டது. கொண்டுவந்து மாடத்தில் வைத்தேன்.

ஐந்தாம் வெள்ளி. அவர் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தண்ணீரை ஊற்றினேன். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். விரியாமல் போய்விட்டால் என்ன செய்வது? விரியவில்லை என்றால் நான் கொன்றேன் என்றாகும், அதுவரை அது உயிரோடு இருந்தது என்றும் ஆகும். பத்து நிமிடத்தில் ஒரு ஓரம் அசைந்தது. அரை மணியில் பாதி. முக்கால் மணியில் போன வெள்ளி எப்படி இருந்ததோ அப்படியே, சட்டி நிறைய.

அவர் கைகளைக் கூப்பிக்கொண்டார். "பாத்தியா? பொழச்சிருச்சு. நீயும் ஒம் பொண்ணும் என்னென்ன பேசினீங்க!"

"என்னங்க, நேத்து அத குக்கர்ல போட்டு வேகவச்சேன்."

அவருக்கு விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன். விளங்கியதும் எழுந்தார். இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளும் என்மேல் ஓங்காத கையை ஓங்கினார்.

"மண்டலத்த முறிச்சிட்டியேடி பாவி! கொன்னுட்டியே அத!"

"ஆமா, கொன்னுட்டேன். கொன்ன பொறவுதான் விரிஞ்சு கெடக்கு. நல்லா பாருங்க."

ஓங்கிய கை அப்படியே நின்றது. சட்டியைப் பார்த்தார். ஓரத்துக் கிளை ஒன்று அப்போதும் மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது.

"எத்தன விசில்?"

"ஆறு. ஆட்டுக்காலே நாலு விசிலுக்கு வெந்துரும்."

அவர் திரும்ப உட்கார்ந்தார். காலைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். அந்த ஒரு மாதத்தில் அவர் முகத்தைத் திருப்பாமல் தன் காலைப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். கறுத்த விரலை ஒருமுறை கிள்ளினார். பாதத்தை ஒருமுறை கிள்ளினார். கணுக்காலுக்கு மேல் கிள்ளினார். பிறகு பச்சைப் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார்.

"காரை எடு" என்றார்.

முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு எடுத்தார்கள். ஒரு விரலோடு முடிந்திருக்க வேண்டியது. வலி போனது குணமானதால் அல்ல, வலியைச் சொல்லும் நரம்பே செத்துப்போனதால் என்று அந்த டாக்டரம்மா விளக்கினார். வாரம் முழுக்கப் பாட்டிலில் நாள்பட்டுக் கிடந்த தண்ணீரைப் புண்ணில் ஊற்றினோம் என்று நான் சொன்னபோது அவர் திட்டவில்லை, எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். பெக்கோக் சாவைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். அப்போதும் திட்டவில்லை.

சுகுமாறன்மேல் புகார் கொடுத்திருக்கிறேன். அதற்காக வீட்டிலிருந்த ரசீதைத் தேடி எடுத்து அன்றைக்குத்தான் படித்தேன். மேடையில் சஞ்சீவி, ரசீதில் 'அலங்காரச் செடி, மருந்து அல்ல' என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறான். எமகாதகன். போன் போட்டுக் கேட்டேன். வேகவைத்தது நீங்கள், மண்டலத்தை முறித்தது நீங்கள், காலைத் தின்றது உங்கள் சந்தேகம் என்று ஆற அமரப் பதில் சொல்லிவிட்டு வைத்தான். அதோடு விடவில்லை. அண்ணிக்கும் போன் போட்டு அதையே சொல்லியிருக்கிறான். அண்ணி அதைச் சொந்தபந்தம் முழுக்கப் பரப்பிவிட்டார்.

அறுவைச் சிகிச்சை முடிந்த ஐந்தாம் நாள் நண்பகல் வார்டுக்குள் ஏழு பேர் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கையில் ஆப்பிள், வாயில் வேல்.

"இன்னும் ரெண்டே ரெண்டு வெள்ளி பொறுத்திருந்தா காலு நின்னிருக்கும்" என்றார் அண்ணி என்னைப் பார்க்காமல். "என் தம்பி எடுத்த மண்டலத்த வீட்டுக்குள்ளயே இருந்து முறிச்சிட்டாங்க. யாரச் சொல்றது?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒரு மாதம் விளக்கேற்றியவள் என்ன வாயைத் திறப்பது? அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் அதோடு நான் முடிந்தேன்.

அவர் தலையணையில் சாய்ந்து நிமிர்ந்தார்.

"பொறுத்திருந்தா ரெண்டாவது வெள்ளி நீங்க எல்லாரும் எனக்குக் கருமாதிச் சோறு சாப்ட்டிருப்பீங்கக்கா. ரத்தத்துல வெஷம் ஏறிருச்சுன்னு டாக்டர் சொன்னாங்க. இவ குக்கர வச்சதாலதான் நான் ஆப்பிள் சாப்பிடுறேன். குடுங்க அந்தப் பைய."

ஒவ்வொருவராக மணியைப் பார்த்துக்கொண்டு கிளம்பினார்கள். அண்ணியை மின்தூக்கி வரை கொண்டுபோய் விட நான் கூட நடந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். பாவம், தம்பிமேல் உயிர். மனசு மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன். மின்தூக்கிக்கு முன்னால் நின்று என் கையைப் பிடித்தார்.

"பிரேமலா, அந்தச் செடிய என்ன பண்ண?"

"புகாருக்கு வேணும்னு பையில போட்டு வச்சிருக்கேன் அண்ணி. ஏன்?"

"தூக்கிப் போட்றாத. முடிஞ்சதும் எனக்குக் குடு."

"எதுக்கு?"

"பாதத்துல ஒரு சின்னக் கீறலு. ஆற மாட்டேங்குது."

"அண்ணி, அத நான் வேகவச்சேன். செத்த சருகு அது. நீங்களும்தானே கேட்டீங்க?"

"அதத்தான் நானும் ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன்" என்றார் குரலைத் தாழ்த்தி. கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். "ஆறு விசில் விட்டும் விரிஞ்சிருக்குன்னா, அதுக்கு எவ்வளவு சக்தி இருக்கணும்!"

நான் வாதாடவில்லை. வாதாடிப் பார்த்தாயிற்று, வேகவைத்தும் பார்த்தாயிற்று. "செருப்பக் கழட்டுங்க" என்றேன். முறைத்தார். அந்த நடைபாதையிலேயே உட்கார்ந்து நானே கழற்றினேன். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு வெள்ளிக்காசு அளவுக்குப் புண், ஓரம் சிவந்து, சீழ் கோர்த்து. இன்னும் கறுக்கவில்லை. பெருவிரலால் அழுத்தினேன்.

"ஐயோ! வலிக்குதுடி, விடுடி!" என்று கூடம் அதிரக் கத்தினார்.

"வலிக்குதா? நல்லாக் கத்துங்க" என்று கையைப் பிடித்து எழுப்பி, ஒரு செருப்போடு அவசரப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.